சர்வரின் விடுமுறை

இருபது வருடமாக ஹோட்டலில் பரிமாறும் மனிதருக்கு உட்கார்ந்து சாப்பிட்டால் இருப்புக் கொள்ளாது. பக்கத்துத் தெருவிலேயே இருந்த சின்னத் தாய்லாந்து உணவகம், அவருடைய விடுமுறை நாள் மதியம்தான் மனைவியின் கண்ணில் பட்டது. அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

தேங்காய்ப்பால் சூப்பை ஒரு வாய் குடித்தவர், "அடேங்கப்பா!" என்று கண்ணை மூடினார். ஆனாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையின் காலி கிளாஸ் அவரை உறுத்தியது.

அந்த மேசைக்காரர் "தண்ணி!" என்றதுதான் தாமதம். "இதோ வந்துட்டேன் சார்!" என்று பாய்ந்து, ஜக்கை எடுத்து ஊற்றினார்.

திரும்பினால், மனைவி தன் கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல நான் தண்ணி கேட்டா மட்டும் இந்தக் காது எங்கங்க போகுது?"