எழவு வீட்டுக்குக் கல்யாணச் சீர்

கல்வராயன் மலையடிவாரத்தில், சங்கராபுரம் பஸ் போகிற வழியில் எங்கள் ஊர். வருஷா வருஷம் அம்மன் கோயிலில் கதை வைப்பார்கள். மத்தியான வேளையில் கதைசொல்லி மைக்கில் சொல்லச் சொல்ல, கதையில் கல்யாணம் என்றால் ஊரே சீர் எடுக்கும். சாவு விழுந்தால் ஊரே அழும். கல்யாணத்துக்குப் பெண்ணின் பிறந்த வீட்டு முறையில் முதல் சீர்த்தட்டு எங்கள் வீட்டுடையது. அப்பாவுக்குப் பிறகு அது என் பொறுப்பு. நான்தான் பெங்களூரில் பெரிய மனுஷனாகிவிட்டேனே, பல வருஷமாக எட்டியே பார்க்கவில்லை. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட அக்காதான் ஏதேதோ சாக்குச் சொல்லிச் சமாளித்தாள். இந்த வருஷம் போனில் கறாராகச் சொன்னாள்.

"நீ வரலன்னா சீரை வேற வூட்டுக்குக் குடுத்துடுவாங்கடா. கல்யாணம் என்னிக்குன்னா..."

"எனக்கே நாள் சொல்றியா? கதை ஆரம்பிச்சு எட்டாம் நாள்!" என்று வைத்துவிட்டேன். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம், மறுபடி நாள் சொல்லத்தான் என்று எடுக்கவேயில்லை. அவ்வளவு திமிர்.

எட்டாம் நாள் போய் இறங்கினேன். பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ், தாம்பாளத்தில் பட்டுப்புடவை, தேங்காய், லட்டு. கள்ளக்குறிச்சியில் பிடித்த நாதஸ்வரக்காரர் முன்னே ஊதிக்கொண்டு போனார். பந்தலுக்குள் நுழைந்தால் ஒரே ஒப்பாரி. நாதஸ்வரம் தானாக நின்றது. கதைசொல்லியும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வாசலில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாங்க, எழவு வூட்டுக்கு மேளத்தோட வந்துக்கிறீங்க? கரும்பு வெட்டுக்கு ஆள் போவணும்னு இப்பல்லாம் கதைய சுருக்கிட்டாங்க. கல்யாணம் முந்தாநேத்தே ஆயிடுச்சி. இன்னிக்கு மாப்ள சின்ன ராசா செத்துட்டாரு."

வெட்கத்தில் நானும் செத்தேன். எனக்கு அழத்தான் அங்கே ஆள் இல்லை.

முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். தலையில் குட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். புடவையை மட்டும் எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"ராசா பொஞ்சாதிக்குப் பொறந்த வூட்டுக் கோடி வந்துக்கிதுங்க!"

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுப்புடவை எடுத்துப் போடுவார்களே, அந்தக் கோடி. பெண்கள் இன்னும் ஓங்கி அழுதார்கள். கதைசொல்லி அதையும் பாட்டிலேயே சேர்த்துவிட்டார். மானம் பிழைத்ததென்று எனக்கு ஒரே பூரிப்பு. தப்பான நாளில் வந்ததே நல்லதாகப் போயிற்று என்றுகூடத் தோன்றியது. என் புத்தி அப்படி.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுகை நிற்கவில்லை.

"விடுக்கா, கதைதானே."

"ராசாவுக்கு எவடா அழுவுறா? முந்தாநேத்து நம்ம தட்ட எவனோ எடுத்துக்கினு போறான். தாலி கட்டற வரைக்கும் நான் பஸ்ஸு வர்ற ரோட்டையே பாத்துக்கினு நின்னேன்டா."