காதில் ஏறிய துரு

மகளுக்கு வளைகாப்பு, வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவிலிருந்து மேட்டுப் பூங்காவுக்கு ஓடினேன். மன்னர் காலத்து நீர்த்தொட்டிகளைச் சுற்றி அமைந்த பூங்கா அது. எங்கள் தெருவுக்கு வால்வு திறப்பவர் அங்கேதான் இருப்பார்.

காக்கிச் சட்டையோடு பழைய இரும்புக் குழாயருகே குந்தியிருந்தார். நீளமான கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்திருந்தார். அந்தக் காதுமடல் துரு ஏறிச் செம்மண் நிறத்தில் இருந்தது.

"தண்ணி எப்பங்க வரும்?" என்று கத்தினேன்.

"ஸ்வல்ப சும்மா இருங்க சார்!" விரலை உதட்டில் வைத்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "வருதுங்க! நீங்களே கேளுங்க!"

கம்பியில் காதை வைத்தேன். தூரத்து முனகல் ஒன்று உறுமலாகி நெருங்கியது.

வால்வைத் திருகித் திறந்தார். "பத்தே நிமிசங்க, உங்க வீட்டுல இருக்கும்."

பூங்கா வாசலிலேயே காத்திருந்தேன். பத்தாவது நிமிடம் மனைவி போனில் கூவினாள்: "வந்துடுச்சுங்க!" பின்னால் அண்டாவில் தண்ணீர் விழும் சத்தம் தடதடத்தது.

"சார், வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே அவரிடம் ஓடினேன். அதற்குள் அடுத்த குழாயில் கம்பியை வைத்திருந்தார். கண்ணைத் திறக்காமலே மறுபடியும் விரலை உதட்டில் வைத்தார். அடுத்த தெருவுக்கு இன்னும் வரவில்லை.