கவர்னரம்மாவுக்கு நான் போர்த்திய சால்வைகள்

காரைக்காலில் அரசு விருந்தினர் மாளிகையைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. தினக்கூலி. நிரந்தரம் ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் அதிகாரி "பார்க்கலாம்" என்பார். நானும் போய்ப் பெருக்குவேன்.

எண்பதுகளில் ஒரு கோடை. வேறொரு மாநிலத்துக் கவர்னர் திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட வந்தார். பெண். வடக்கத்திக்காரர். அதுவரை எங்கள் மாளிகைக்கு வந்த கவர்னர்கள் எல்லாம் ஆண்கள். கோயிலில் இருந்து நேரே மாளிகைக்கு வருவார், வாசலில் வரவேற்பு என்று ஏற்பாடு.

பந்தலும் மேடையும் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சால்வை வாங்கியாயிற்று. கார் திருநள்ளாற்றை விட்டுப் புறப்பட்டதாகத் தகவல் வந்த பிறகுதான் அதிகாரிக்கு உறைத்தது. ஒரு பெண்ணுக்கு ஆண்கள் எப்படிச் சால்வை போர்த்துவார்கள்?

"ஏம்மா, தொடப்பத்தப் போட்டுட்டு இங்க வா. கையைக் கழுவிட்டு வா."

"என்னங்க?"

"மேடையில நிக்கணும். அவங்கவங்க சால்வையை உங்கிட்ட குடுப்பாங்க. வாங்கி கவர்னரம்மாவுக்குப் போத்தணும்."

"நானாங்க?"

"இங்க வேற பொம்பளை யாரு இருக்கா? போத்துறது மட்டும்தான் உன் வேலை. மத்த எதையும் தொடக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா திங்கக்கெழம உன் வேலை நிரந்தரம். ஏடாகூடமா ஏதாவது ஆச்சு, நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத."

"சரிங்க."

சமையல்காரர் ஓடி வந்து, "இடுப்புல சொருகுன முந்தானையையாவது எறக்கி வுடு" என்றார். இறக்கிவிட்டேன். அலங்காரம் அவ்வளவுதான்.

கார் வந்தது, கவர்னரம்மா மேடை ஏறினார். முதலில் அரிசி மில்காரர். சால்வையை என் கையில் கொடுத்தார். நான் போர்த்தினேன். அவர் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்த்தார். அடுத்து திருமலைராயன்பட்டினத்து ஜவுளிக்கடை பாய்.

"நம்மளது மேல இருக்கட்டும்மா. ஜரிகை தெரியணும்."

"அடுத்தவங்களது வந்தா மூடிடுங்களே."

"அப்ப நான் கடைசியா வந்துக்கறேன்" என்று வரிசையின் கோடிக்குப் போனார். பின்னால் நின்றவர்களுக்கும் அதே யோசனை வந்தது. வரிசை முன்னால் நகராமல் பின்னால் நகர்ந்தது. அதிகாரி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று.

ஆண் கவர்னர் என்றால், போர்த்திய கையோடு பின்னால் நிற்கும் உதவியாளர் சால்வையை எடுத்துவிடுவார். அன்றும் உதவியாளர் நின்றார். அவரும் ஆண். கையை நீட்டுவார், மடக்கிக்கொள்வார். எடுக்கிற வேலையை எனக்கு யாரும் சொல்லவில்லை. சால்வை மேல் சால்வை ஏறியது. அந்த அம்மாள் குள்ளம். கடைசியில் மூக்கும் கண்ணாடியும்தான் வெளியே தெரிந்தன.

பிறகு ஒரு வாத்தியார் எழுந்து அம்மாளுடைய பெருமைகளைப் படித்தார். சின்ன வயதில் சுதந்திரப் போராட்டம். ஜெயில். ஜெயில் கட்டத்துக்கு வந்தபோது கரண்டு போயிற்று. ஃபேன் நின்றது, மைக் நின்றது. வாத்தியார் நிற்கவில்லை. குரலை உயர்த்திக்கொண்டார். அம்மாள் எம்.எல்.ஏ. ஆனார். மந்திரி ஆனார். டாக்டர் பட்டம் வாங்கினார். அம்மாளுக்கு வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பட்டம் முடிந்து விருதுகள் தொடங்கியபோது கண் செருகியது. ஒருதரம் என்னைப் பார்த்தார்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். தொடாதே என்று அர்த்தம்.

திங்கட்கிழமை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் மொத்தத்தையும் சேர்த்து அள்ளித் தூக்கினேன். நனைந்த வைக்கோல் மாதிரி கனத்தது. அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் படம் எடுத்தார். சால்வைகளைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் விசிறினேன்.

"அடியாத்தி, குடுத்த மரியாதையை உரிச்சுப்புட்டாளே!" என்றார் மில்காரர்.

அம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். மூச்சு வந்தது. என் தோளில் கை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அதிகாரி விழித்தார், பிறகு பதில் சொன்னார். அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இன்னும் ஏதோ சொன்னார். அதிகாரி முகம் வெளுத்தது.

கார் போன பிறகு, மாளிகையில் வைத்திருந்த என் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். அவருக்கு இங்கிலீஷ் புரியும்.

"மூட்டையை அவுரு. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டாங்க. கூட்டுற தினக்கூலியை மேடை ஏத்திட்டோம்னு ஐயா எப்படிச் சொல்லுவாரு? வரவேற்புப் பிரிவு, நிரந்தர ஊழியர்னுட்டாரு."

"பெறவு?"

"உங்க கவர்னருக்கு இவங்களைப் பாராட்டி எழுதறேன்னுட்டாங்க அந்தம்மா."

திங்கட்கிழமை வரை அதிகாரி பொறுக்கவில்லை. அன்று மாலையே கூப்பிட்டு நிரந்தர உத்தரவை நீட்டினார்.

"என் மானத்த வாங்குன. இந்தா, வேலையையும் வாங்கிக்க."

"சரிங்க" என்றேன்.

அம்மாள் சால்வைகளை எடுத்துப் போகவில்லை. மறுநாள் காலையில் பாய் வந்தார்.

"ஏம்மா, நம்மளதுதானே மேல இருந்துச்சு?"

"ஆமாங்க."

பின்னாலேயே மில்காரர் வந்து அதையே கேட்டார். முதலில் போட்டது அவருடையது. அடியில் கிடந்தது.

"ஆமாங்க" என்றேன். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அதையே சொன்னேன். வரவேற்புப் பிரிவில் நான் செய்த வேலை அது ஒன்றுதான். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பந்தலடிக்குப் போனேன்.