மா தொக்சுவின் வலது கால்

கொரியாவின் தேகு நகரில் முப்பது வருடம் டாக்சி ஓட்டிய மா தொக்சு, வண்டியில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. அந்தப் பெருமையோடுதான் மின்சாரக் காரில் ஏறினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே தானாக வேகம் குறைகிற வண்டி அது. தொக்சுவோ பழைய பழக்கத்தில் வெடுக்கென்று காலை எடுப்பார், மறுபடி மிதிப்பார். பின்னால் இருப்பவர்களின் தலை கோழி கொத்துவதுபோல் ஆடும். ஒரே வாரத்தில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். நிறுவனம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டது.

"ஜனங்க வயிறு சரியில்ல. அதுக்கு எனக்கெதுக்குப் பயிற்சி?" என்று பயிற்சியாளர் பியோ கும்ரானிடம் முறைத்தார்.

அவள் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஓட்டுவதைக் கவனித்தாள். மதியம், "இப்ப நான் ஓட்டுறேன். நீங்க பின்னால ராசா மாதிரி உட்காருங்கண்ணே," என்றாள்.

அச்சு அசலாக அவரைப் போலவே ஓட்டினாள். மூன்றாவது சிக்னலில் தொக்சு வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டினார். சாப்பிட்ட பன்றிக்கறிச் சோறு சாலையோரம் போய்ச் சேர்ந்தது.

"இப்படியா ஓட்டுவாங்க? எவம்மா உனக்குக் கத்துக்குடுத்தான்?"

"நீங்கதாண்ணே, காலையில."

தொக்சு வாய் கொப்பளித்தார். ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து, "காலை எப்படி எடுக்கணும், சொல்லு," என்றார்.

மாலைக்குள் கும்ரான் பின்சீட்டில் தூங்கியே போனாள். எழுப்ப மனமில்லாமல் அவர் இன்னொரு சுற்று ஓட்டினார்.