ஒரே தடவை எடுத்த படம்

போனது மூன்று பேர். நான். மில்லில் என் பக்கத்து மிஷின்காரன் காசிமின் சம்சாரம் நூர்ஜகான். அவர்கள் மகள் சபீனா. காசிம் போன மழைக்கு மவுத்தாகிவிட்டான்.

பழைய மில்லில் ஒரு கட்டடத்தை மியூசியமாக்கியிருக்கிறார்கள். எங்கள் ஷிப்டு ஆட்கள் நின்ற போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள் என்று சபீனா கேள்விப்பட்டு வந்தாள். நூர்ஜகான் அன்றைக்கே கிளம்பிவிட்டார். காசிமின் வாலிப வயசுப் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது.

"பின்வரிசையில மூணாவது ஆளு நான்தான்னு சொல்லுவாருண்ணே" என்றார், சிம்மக்கல்லில் பஸ் நிற்கும்போது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே சுவரெல்லாம் ஓவியம். நடுவில் நூல் மிஷின் ஒன்று, சுற்றிலும் கயிறு. எண்ணெய் வாடையே இல்லை. எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. முப்பது வருஷம் மிஷினோரம் நடந்த கால். போனேன், வந்தேன். காவலுக்கு இருந்த அம்மா, "என்னண்ணே, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றார்.

மில்லில் எல்லாமே முறைதான். ஒருவன் டீக்குப் போனால் பக்கத்து ஆள் இரண்டு மிஷினையும் பார்ப்பான். இவன் வந்ததும் அவன் போவான். போட்டோ எடுத்தது ஷிப்டு மாறுகிற நேரம். எங்கள் இரண்டு மிஷினுக்கு மட்டும் மாற்று ஆள் வரவில்லை. போட்டோவும் முறை வைத்துத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தோம். நீ போய் நின்னுட்டு வா, அடுத்து நான் போறேன் என்று காசிம் கையாலேயே காட்டினான். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு ஏது. தலை சீவிக்கொண்டு போய் நின்றேன். திரும்பி வந்து அவனை அனுப்பினேன். மீசைப் பஞ்சைத் துடைத்துக்கொண்டே ஓடினான். போட்டோக்காரர் ஸ்டாண்டை மடக்கியிருந்தார். ஒரே தடவைதான்.

"என்னா வகிடு! பொண்ணு பாக்கவா வந்தாங்க மாப்ள?" என்று ஒரு வாரம் என்னை ஓட்டினான். வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான் என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது.

நூர்ஜகான் படத்தின் பின்வரிசையில் விரல் வைத்தார். மூன்றாவது முகம் கலங்கலாக இருந்தது. எடுக்கும்போது தலையை ஆட்டிவிட்டான் போல.

"இவராண்ணே?"

ஆமாம் என்றால் முடிந்தது. இன்னொரு நடை போய் வந்தேன்.

"இல்லம்மா. அவன் அப்ப என் மிஷினப் பாத்துக்கிட்டு நின்னான்."

"கண்ணாடியத் தொடாதீங்கம்மா" என்றார் காவல் அம்மா.

நூர்ஜகான் விரலை எடுக்கவில்லை. "பொய்யா சொன்னாரு அந்த மனுசன்? எங்க நின்னாரு?"

ஜன்னல் வழியே காட்டினேன். மிஷின் ஓடிய கொட்டகை இல்லை. சங்குக் கம்பம் இல்லை. கார் நிறுத்துகிறார்கள்.

சபீனா படத்தின் கீழே இருந்ததைப் படித்தாள். "முப்பத்தெட்டுப் பேருன்னு போட்டிருக்கும்மா."

அது ஷிப்டில் பேர் இருந்தவர்கள் கணக்கு. நான் வாய் திறப்பதற்குள் நூர்ஜகான், "எண்ணுங்கண்ணே" என்றார்.

எண்ணினேன்.

"இன்னொரு தடவ."

எண்ணினேன். முப்பத்தேழு.