ஒரு தட்டு என்றால் ஓட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது கதை இல்லை, நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் என் அத்தானின் வலது கையை வந்து பார்க்கலாம். அவர் தையல்காரர். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பார்.

அக்காவும் அத்தானும் வாங்கிய வீட்டுக்கு எங்கள் அப்பாவின் வயது இருக்கும். கெட்டியான சுவர், நல்ல காற்றோட்டம். ஒரே குறை கழிவுநீர்க் குழாய்தான். மாதம் தவறாமல் அடைத்துக்கொள்ளும். குளியலறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. அதோடு விடாமல், இறங்கிப்போன கழிவும் திரும்பி வரும். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எனக்குப் போன் செய்வாள். "வீடு வாங்கலடா, வினையை விலைகொடுத்து வாங்கியிருக்கோம்" என்று புலம்புவாள்.

பிளம்பர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார். குளியலறையில் ஸ்பிரிங் மெஷினை வைத்து, நீளமான இரும்புச் சுருளைக் குழாய்க்குள் விடுவார். பெடலை மிதித்தால் சுருள் சுழன்றுகொண்டே போய், வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர் சேரும் சேம்பர் குழியில் தலைநீட்டும். மச்சான் அங்கே குந்தியிருந்து, நுனியில் சிக்கிய வேரையும் கந்தலையும் கையால் பிய்த்தெடுப்பான். எத்தனை தடவை எடுத்தாலும் அடைப்பு அதே இடத்தில்தான்.

மெஷின் போடும் சத்தத்தில் ஆள் கத்தினால் கேட்காது. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். குளியலறைச் சுவரில் ஒரு பழைய இரும்புக் குழாய் ஓடியது. சேம்பர் பக்கத்திலும் மண்ணுக்குள்ளிருந்து ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே குழாய் என்பது பிளம்பரின் கணக்கு. அங்கே ஸ்பேனரால் தட்டினால் இங்கே கேட்கும். ஒரு தட்டு என்றால் ஓட்டு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அக்காவுக்கு அவர் பாடமே எடுத்தார்.

"கத்துறதை எல்லாம் காதுல வாங்கக் கூடாதும்மா. தட்டுறதை மட்டும் நம்பணும்."

கடைசியாக வந்தபோது இருவரும் பாதி வேலையில் கிளம்பிவிட்டார்கள். மச்சான் கையில் துண்டு சுற்றியிருந்தது. "சின்ன அடிதான்" என்றார் பிளம்பர். மெஷினை எடுக்க அவர் வரவே இல்லை. போன் செய்தால், "நீங்களே வச்சுக்கோங்க தங்கச்சி" என்று வைத்துவிட்டார். பிழைப்புக் கருவியை யாராவது இப்படி விட்டுவிட்டுப் போவார்களா? அத்தானுக்கு வாயெல்லாம் பல். இனி யாரையும் கெஞ்ச வேண்டாம் என்றார்.

அடுத்த அடைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அக்காவை அந்தக் குழியில் கை வைக்க விட அத்தானுக்கு மனசில்லை. அவர் சேம்பருக்குப் போனார். அவள் பெடலுக்கு வந்தாள்.

டங்.

மிதித்தாள்.

டங்... டங்.

காலை எடுத்தாள். வேலை அருமையாகப் போனது. நடுவில் தண்ணீர் குடிக்க வந்த அத்தான் அவளைப் பாராட்டினார்.

"நீ பலே ஆளு. நான் ஸ்பேனரைக் கையில எடுக்கும்போதே ஓட்டிட்டியே!"

"நீங்க தட்டினீங்களே?"

"எங்க தட்டினேன்? தட்டப் போனேன்."

"எனக்குக் கேட்டுச்சுங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறையில் ஒரு சத்தம்.

டங்.

அத்தான் சமையலறையில் நிற்கிறார். ஸ்பேனர் அவர் கையில் இருக்கிறது.

"பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்க" என்றார்.

பக்கத்து வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அது இருவருக்கும் தெரியும். இருவருமே அதைச் சொல்லவில்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். சுருள் போய்ச் சேர்ந்தது.

டங்... டங்.

அக்கா காலை எடுத்தாள். இந்நேரம் அவர் நுனியைப் பிடித்துச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருப்பார். காத்திருந்தாள்.

டங்.

மிதித்தாள்.

பின்பக்கம் ஏதோ சத்தம். கத்தல் மாதிரி... அவளுக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. தட்டுறதை மட்டும் நம்பணும். இரண்டு தட்டு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

டங்.

ஒன்றுதான்.

மெஷின் முனகியது. சுருள் முறுக்கேறித் துள்ளியது. அடைப்பில் முட்டினால் அப்படித்தான் துள்ளும். இன்னும் அழுத்தி மிதித்தாள்.

டங்.

நிதானமாக...

டங்.

ரப்பர் கருகும் நாற்றம். மோட்டார் தானாக நின்றது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. அறுபடும் மிருகத்தின் குரல்.

அக்கா ஓடினாள். சுருள் அத்தானின் வலது மணிக்கட்டைச் சுற்றிச் சதையைக் கிழித்து, எலும்போடு முறுக்கியிருந்தது. குழியின் தண்ணீர் சிவந்திருந்தது. விரல்கள் அதில் கிடந்தன. இடது கையில் ஸ்பேனர். அவர் இன்னும் அந்த இரும்புக் குழாயை அடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு இரண்டாக.

மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் அத்தான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் அத்தனை தடவை தட்டினேனே... ஏன் நிறுத்தல?"

"ஒண்ணுதாங்க கேட்டுச்சு. சத்தியமா ஒண்ணுதான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நீதான் என் கையை எடுத்தாய் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். வீடு திரும்பிய பிறகும் அவர் அவளிடம் பேசவில்லை. சோறு ஊட்டவந்தால் வாயைத் திறக்கவில்லை. என் அக்கா பாதியாக இளைத்துப்போனாள்.

விஷயம் கேள்விப்பட்டு பிளம்பர் வந்தார். வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அன்னைக்கு எனக்கும் ஒண்ணுதான் கேட்டுச்சு, தங்கச்சி. என் மச்சான் இப்பவும் என் முகத்துல முழிக்கிறதில்ல."

அக்கா அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "தெரிஞ்சே மெஷினை விட்டுட்டுப் போனியா? வாயில என்ன வச்சிருந்த?" நான்தான் விலக்கிவிட்டேன். அவர் சொன்ன பதில் நியாயமானது என்பதுதான் கொடுமை. பேய் தட்டியது என்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்று கேட்டார்.

அக்காவுக்கு இப்போது ஒன்றே ஒன்று வேண்டும். தன் காது பொய் சொல்லவில்லை என்று அத்தானுக்கு நிரூபிக்க வேண்டும். "நீ பின்னாடி போய்த் தட்டுடா" என்றாள். அவள் குளியலறைக் குழாயில் காதை வைத்துக்கொண்டாள். நான் தட்டினேன். கை வலிக்க அடித்தேன்.

அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

கொத்தனாரை வரவழைத்தோம். கட்டுப்போட்ட கையோடு அத்தானும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குளியலறைச் சுவரை ஒட்டித் தரையைத் தோண்டியதும் விவரம் தெரிந்தது. அது ஒரே குழாய் இல்லை. எந்தக் காலத்திலோ நடுவில் வெட்டி, இரு முனையிலும் சிமென்ட் அடைத்திருந்தார்கள். பின்பக்கம் தட்டினால் குளியலறையில் கேட்க வழியே கிடையாது.

அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கேட்ட தட்டுகளில் ஒன்றுகூட அத்தானுடையது இல்லை. தப்பான தட்டு மட்டுமல்ல, சரியான தட்டுகளும்தான். அவர் அங்கே தட்டத்தட்ட, அதே தட்டை அச்சுப்பிசகாமல் இங்கே யாரோ தட்டியிருக்கிறார்கள். அவள் நம்பிப் பழகட்டும் என்று.

வெட்டிய இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் பாளம் கிடந்தது. ஓர் ஆள் நீளம். ஓர் ஆள் அகலம்.

"இதை எதுக்கு இங்க ஊத்தி வச்சிருக்காங்க?" கொத்தனார் சுத்தியலால் அதன் மேல் ஓர் அடி போட்டார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டங்.

கொத்தனாரின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. நான் கதவைப் பார்த்தேன். அத்தான் மட்டும் அக்காவைப் பார்த்தார். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"இதுதானா?"

"இதுதாங்க."

அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிடலாம்மா" என்றார்.

மாற்றுத்துணிகூட எடுக்காமல் வெளியே வந்தோம். பிறகு வேறு ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தோம். கொத்தனார் சொன்னதைக் கேட்டுவிட்டு யாருமே அந்தப் பாளத்தை உடைக்க வரவில்லை. வீடு இன்றுவரை பூட்டித்தான் கிடக்கிறது.

அன்றைக்கு வாசல் கதவுக்கு நான்தான் பூட்டுப் போட்டேன். சாவியைத் திருப்பும்போது, கையெட்டும் தூரத்தில், கதவின் உள்பக்கம் யாரோ தட்டினார்கள்.

ஒரே ஒரு தட்டு.