நத்தம் ரோட்டில் சூறைக்குருவிகள் இறங்கிய மாலை

அந்தோணி மின்கம்பத்திலேயே இறந்துபோன பிறகு ஆறு மாதம் நான் கம்பம் ஏறவில்லை.

பதினோரு வருடம் நாங்கள் இருவரும் ஒரே செக்‌ஷனில் லைன்மேன்கள். அன்று சப்ளையை நிறுத்திவிட்டுத்தான் அவன் ஏறினான். ஆனால் யாரோ ஓட்டிய ஜெனரேட்டரின் கரண்ட் லைனில் திரும்பி வந்துவிட்டது. எர்த் ராடு மாட்டியிருந்தால் அது தரைக்குப் போயிருக்கும். அதை மாட்ட வேண்டியவன் நான். மழை வரப்போகிற அவசரத்தில் மாட்டவில்லை. விசாரணையில் மாட்டியதாகச் சொல்லிவிட்டேன்.

அதன்பின் கம்பத்தில் கால் வைக்கவே பயம். ஆபீசில் உட்கார்ந்து கம்ப்ளெயின்ட் எழுதினேன். பழனிக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்தவன், வீட்டில் சாமிக்கு விளக்கேற்றும்போதுகூட வெளியே போய் நின்றுகொள்வேன்.

தை மாதம் ஒரு சாயங்காலம் நத்தம் ரோட்டில், கண்மாய் ஓரமாக லைன் அறுந்துவிட்டது. ஏற வேறு ஆள் இல்லை. ஃபோர்மேன் கரீம் பாய் என்னைக் கூட்டிப்போனார். ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருந்தவர், தானே ஏறுவதாகச் சொல்லி பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது.

மேற்கே புகை மாதிரி எழும்பி வந்தது. புகை இல்லை, சூறைக்குருவிகள். ஆயிரமா, லட்சமா, சொல்லத் தெரியவில்லை. கண்மாய்க்கு மேலே சுருண்டன, விரிந்தன, துணியை உதறியதுபோல் ஒரே வீச்சில் திரும்பின. ஒரு வல்லூறு நடுவே பாய்ந்தது. கூட்டம் பிளந்தது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு அது போனதும், பிளந்த இடம் மூடிக்கொண்டது. பறப்பது நிற்கவில்லை.

கரீம் பாய் மெல்ல, “சுப்ஹானல்லாஹ்” என்றார். பிறகு, “அம்புட்டும் ஒண்ணு மேல ஒண்ணு இடிக்காம எப்படிப்பா போகுதுக?” என்றார்.

என் கைகள் தாமாகக் குவிந்திருந்தன. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. குருவிகள் கருவேல மரங்களில் இறங்கின. மழை பெய்வதுபோல் இரைச்சல்.

“பெல்ட்ட குடுங்க பாய், நான் ஏறுறேன்” என்றேன்.

எர்த் ராடை மாட்டி, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு ஏறினேன். பயம் இருந்தது. ஆனாலும் ஏற முடிந்தது. உச்சியில் நின்று பார்த்தபோது மரங்களே மூச்சு விடுவதுபோல் அசைந்தன. அழுதேன்.

மறுநாள் நாகல் நகரில் அந்தோணி வீட்டுக்குப் போய், அவன் மனைவி ஸ்டெல்லாவிடம் எர்த் ராடு மாட்டாததையும் விசாரணையில் பொய் சொன்னதையும் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுச்சுண்ணே. நீங்களா வந்து சொல்லுவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மன்னித்ததாகச் சொல்லவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். ஆபீசிலும் எழுதிக் கொடுத்தேன். சஸ்பெண்ட் செய்து, பிறகு திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தப்பு செய்தவன் தலை தானாகக் குனிந்துவிடும். குனிந்தபடி இருந்தவரை எனக்கு உண்மை சொல்லத் தெம்பு வரவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்த அன்றுதான் வந்தது.